வெண்ணெய் மாதிரி இறங்கினேன், நிராகரித்துவிட்டார்கள்

பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிற எனக்கு போயிங் 737 ஓட்டத் தெரியும். சிரிக்காதீங்க, லேப்டாப்பில்தான். ஒரு விர்ச்சுவல் ஏர்லைன்ஸில் நான் பைலட். சம்பளம் கிடையாது, பயணிகள் கிடையாது, சீருடை கைலி. ஆனால் விதிமுறைகள் மட்டும் நிஜ ஏர்லைன்ஸ் மாதிரியே முப்பது பக்கத்துக்கு இருக்கும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சிமுலேட்டரில் நாங்கள் பறக்கும்போது ஒரு குட்டி மென்பொருள் கூடவே உட்கார்ந்து எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளும். பத்தாயிரம் அடிக்குக் கீழே 250 நாட் வேகத்தைத் தாண்டினாயா, ஃபிளாப் 30 வைத்துக்கொண்டு 175-க்கு மேல் போனாயா, லேண்டிங் லைட் போட மறந்தாயா, நடுவில் பாஸ் போட்டுவிட்டு மெஸ்ஸுக்குப் போனாயா, எல்லாம். (கடைசிக் குற்றத்தில் இரண்டு முறை மாட்டியிருக்கிறேன்.) மூத்த உறுப்பினர் ஒருவர் அந்த அறிக்கையைப் பார்த்து ஏற்றுக்கொண்டால்தான் பறந்த நேரம் நம் கணக்கில் ஏறும்.

ஆனால் நாங்கள் எல்லோரும் முதலில் தேடுவது ஒரே ஒரு எண்ணைத்தான். சக்கரம் தரையைத் தொட்ட நொடியில், நிமிடத்துக்கு எத்தனை அடி வீதம் இறங்கிக்கொண்டிருந்தோம் என்பது. 600 என்றால் பல் ஆடிவிடும். 200 சாதாரணம். நூறுக்குக் கீழே வந்தால் 'வெண்ணெய்' என்று கொண்டாடுவோம்.

போன செமஸ்டர் ஸ்டடி லீவில் சென்னையிலிருந்து மங்களூருக்குப் பறந்தேன். குன்றின் உச்சியைச் சமப்படுத்தி அமைத்த ஓடுபாதை, பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான் காரணம். ஆயிரம் அடி இறங்க மூன்று நாட்டிகல் மைல் வேண்டும் என்பது பாலபாடம். நான் தாமதமாக இறங்கத் தொடங்கிவிட்டேன். கடைசி ஆயிரம் அடிக்கு வரும்போது வேகம், இறங்கும் வீதம், ஃபிளாப், சக்கரம் எல்லாம் சரியாக அமைந்திருக்க வேண்டும்; இல்லையென்றால் கோ-அரவுண்ட், அதாவது மறுபடி மேலே ஏறிச் சுற்றி வர வேண்டும் என்கிறது கையேடு. எனக்கு வேகமும் அதிகம், உயரமும் அதிகம். ஆனால் இரவு மணி ஒன்று. யார் சுற்றுவது? மூக்கைத் தள்ளி இறக்கினேன். ஓடுபாதைக்கு மேலே வந்ததும் மிதந்தது, மிதந்தது, பிறகு தொட்டதே தெரியாமல் தொட்டது. எண் 62!

பக்கத்து ரூம்காரனை எழுப்பிக் காட்டினேன்.

மறுநாள் பார்த்தால் 'நிராகரிக்கப்பட்டது'. கொதித்துப்போய் நீளமாக ஒரு மின்னஞ்சல் தட்டினேன். 'விளையாட்டுதானே சார், யார் செத்தார்கள்?' என்கிற ரேஞ்சில். பதில் இரண்டே வரி. "தம்பி, எந்த இடத்தில் தொட்டீங்கன்னு பாருங்க. அப்புறம் 2010 மே 22 அன்னிக்கு அதே ஊரில் என்ன நடந்ததுன்னு படிங்க."

படித்தேன். துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 812. அதே 737-800. அதுவும் இருக்க வேண்டியதைவிட உயரத்தில் வந்திருக்கிறது. துணை விமானி மூன்று முறை கோ-அரவுண்ட் என்று சொல்லியிருக்கிறார். கேப்டன் இறக்கினார். 2450 மீட்டர் ஓடுபாதையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கடந்த பிறகுதான் சக்கரம் தரையைத் தொட்டது. விமானம் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 158 பேர் இறந்தார்கள். 8 பேர் பிழைத்தார்கள்.

என் அறிக்கையைத் திறந்தேன். நானும் பாதியைத் தாண்டித்தான் தொட்டிருந்தேன். நின்றபோது எவ்வளவு மிச்சம் இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

'லாபம் எவ்வளவு என்று பார்க்காதே, எப்படி வந்தது என்று வவுச்சரைப் பார்' என்று ஆடிட்டிங் வகுப்பில் தூங்கி வழிந்துகொண்டே கேட்டிருக்கிறேன். என் 62-ம் அப்படித்தான். இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் மிதந்ததால் கிடைத்தது. ஓடுபாதையைச் செலவழித்து வாங்கிய எண்.

ஒரு குறை மட்டும் சொல்லியே ஆகவேண்டும். எங்கள் ஆட்கள் மாதாமாதம் மென்மையான லேண்டிங்குகளுக்குப் பட்டியல் போடுகிறார்கள். கோ-அரவுண்ட் செய்தவனுக்கு ஒரு பட்டியலும் இல்லை. பிறகு என்னைப் போன்றவர்கள் மிதக்காமல் என்ன செய்வார்கள்?

போன வாரம் மறுபடியும் மங்களூர். ஆயிரம் அடியில் வேகம் 25 நாட் கூடுதல். பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினேன். அதற்குள் மெஸ்ஸில் தோசை காலி. இரண்டாவது முறை சரியான இடத்தில் தொப்பென்று இறங்கினேன். எண் 290. ஏற்றுக்கொண்டார்கள்.

பக்கத்து ரூம்காரன் எட்டிப் பார்த்தான். "போன தடவை 62 தானே போட்ட, இப்ப ஏன்டா இப்படி?" என்றான்.