வெட்டப்பட்ட நான்கு வரிகள்

சென்ற மாதம் எனது ஈரலில் கொழுப்புப் படிந்திருப்பதாக வைத்தியர் கூறினார். மது அருந்தாத எனக்கு இது எப்படி என்று கேட்டேன். சீனியும், சோறும், நாற்காலியை விட்டெழாத தொழிலும் போதாவா என்றார். எழுந்து வரும்போது, "சீனி போடாமல் இரண்டு மூன்று கோப்பை கோப்பி குடியுங்கள், நல்லதுதான்" என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொண்டார். அந்த வார்த்தை என்னை 2006 ஜூன் மாதத்து இரவொன்றுக்கு இழுத்துச் சென்றது.

அப்போது நான் கொழும்பில் ஒரு நாளிதழில் இரவுப் பணியில் இருந்தேன். கலிபோர்னியாவிலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. ஆர்தர் கிளாட்ஸ்கி என்ற வைத்தியரும் அவரது குழுவினரும் 125,580 பேரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்திருந்தனர். அவர்களுள் 330 பேருக்கு சிரோசிஸ், அதாவது ஈரல் தழும்பேறி இறுகிப்போகும் நோய், கண்டிருந்தது. 199 பேருக்கு மதுவே காரணம். நாளொன்றுக்கு நான்கு கோப்பையோ அதற்கு மேலோ கோப்பி குடித்தவர்களுக்கு, மதுவினால் வரும் சிரோசிஸ் ஆபத்து 80 சதவீதம் குறைவாயிருந்தது. தேநீருக்கு அந்தப் பேறு கிட்டவில்லை. தேயிலைத் தேசத்துப் பத்திரிகைக்காரனுக்கு அது சற்று வருத்தமே.

80 சதவீதம் என்றால் எந்த உதவி ஆசிரியனுக்கும் கை துடிக்கும். 'ஈரலைக் காக்கும் கோப்பி' என்று தலைப்பிட்டேன். செய்தியின் கடைசிப் பந்தியில் ஆய்வாளர்களின் எச்சரிக்கை ஒன்று இருந்தது. கோப்பி காக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், மிதமிஞ்சிய குடியைத் தவிர்ப்பதும் நிறுத்துவதுமே முதல் வழி என்பது அதன் சாரம். தமிழில் நான்கு வரிகள். பக்கத்தின் அடியில் நகைக்கடை விளம்பரம் ஒன்று இடம் கேட்டது. அந்த நான்கு வரிகளையும் வெட்டினேன்.

எங்கள் ஒப்புநோக்காளர் ஒருவர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். தமிழில் அவரை மீறி ஒரு சந்திப்பிழை அச்சேறியதில்லை. பணி முடிந்ததும் சாராயக் கடைக்குப் போவதும் தவறியதில்லை. மறுநாள் அவர் ஒரு சுடுநீர்ப் போத்தல் நிறையக் கோப்பியுடன் வந்தார். "தம்பி, நீர் போட்ட செய்தி என்ரை ஈரலைக் காப்பாத்திப்போடும்" என்றார். நானும் சிரித்தேன். எங்கள் ஊரில் மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து இடித்த கோப்பித்தூள் அது. அதில் கோப்பி எவ்வளவு, மல்லி எவ்வளவு என்று அவருக்கும் தெரியாது. சாராயத்தின் அளவு மட்டும் குறையவில்லை. 2009 இல், வயிறு வீங்கிக் கண்கள் மஞ்சளித்து, அவர் இறந்தார்.

அந்த நான்கு வரிகளைப் படித்திருந்தாலும் அவர் குடியை விட்டிருக்கமாட்டார் என்பதே என் எண்ணம். ஆயினும் அவற்றை வெட்டிய கை என்னுடையது.

செய்தி பொய்யல்ல. 2021 இல் பிரித்தானியாவில் ஏறத்தாழ 495,000 பேரிடம் நடந்த ஆய்வு வெளியானது. கோப்பி குடிப்போருக்கு நாட்பட்ட ஈரல் நோய் 21 சதவீதமும், அதனால் நேரும் மரணம் 49 சதவீதமும் குறைவாயிருந்தன. கபேயின் நீக்கிய கோப்பியிலும் பலன் தென்பட்டது. ஆகவே எல்லாப் பெருமையும் கபேயினுக்கே உரியதன்று. கோப்பிக்கொட்டையிலுள்ள வேறு பொருட்களுக்கும் பங்கிருக்கலாம். ஆனால் இவை அவதானிப்பு ஆய்வுகள். கோப்பி ஈரலைக் காத்ததா, நோயுற்ற ஈரல்காரர் கோப்பியை வெறுத்தாரா என்பதை இவற்றால் முழுதாகப் பிரித்துரைக்க இயலாது. இன்னொன்றையும் சொல்லவேண்டும்: உடலிற் சேரும் கபேயினைச் சிதைப்பதே ஈரல்தான். அது இறுகிப்போனால் கபேயின் நெடுநேரம் இரத்தத்திலேயே தங்கிவிடும். நண்பர் கடைசி நாட்களில் இரவெல்லாம் உறக்கமின்றிக் கிடந்ததாக அவரது மனைவி சொன்னார். அது நோயினாலோ கோப்பியினாலோ, யாரறிவார்.

அவரது மேசை இழுப்பறையைத் துப்புரவு செய்தபோது எனது செய்தி நறுக்கு கிடைத்தது. நான்காக மடித்து வைத்திருந்தார். தலைப்பின்கீழ் மூன்றாம் வரியில் நான் விட்டிருந்த ஓர் ஒற்றுப்பிழை சிவப்பு மையால் திருத்தப்பட்டிருந்தது.