முந்திரிக்கொல்லை மண்

சனிக்கிழமை காலை சேத்தியாத்தோப்பில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது நண்பன் பைக்கோடு காத்திருந்தான். கட்டியிருந்த லுங்கியைக்கூட மாற்றவில்லை. "உளுந்துக்கு மருந்து அடிச்சிட்டு அப்படியே வரேன். ஏறு, அம்மா இட்லி ஊத்தி வச்சிருக்கு" என்றான். மறுநாள் விடியலில் நாங்கள் இருவரும் ஆரோவில் மாரத்தானில் அரை மாரத்தான் ஓட வேண்டும். அவன் ஊரான வளையமாதேவியிலிருந்து பைக்கில் தொண்ணூறு கிலோமீட்டர் அளவுக்குப் பயணம். அதற்குமேல் காலால் 21 கிலோமீட்டரும் நூறு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவும்.

ஓட்டத்தை எனக்குப் பழக்கியவன் அவன்தான். நான் சென்னையில் தார்ச்சாலையில், அதுவும் விடியுமுன் நாய்களுக்குப் பயந்து ஓடுகிறவன். அவனுக்கு வாய்த்தது வீராணத்துக் கரை. பதினாறு கிலோமீட்டர் நீளம், ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல். பராந்தக சோழன் காலத்து ஏரி. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ ஆடிப்பெருக்கு நாளில் தொடங்குவது இந்தக் கரையில்தான். வந்தியத்தேவன் குதிரையில் போன வழியில் நாங்கள் மாதம் ஒருமுறை சேர்ந்து ஓடினோம். ஏரி 47.5 அடிக்கு நிரம்பி நிற்கும் நாட்களில் காற்று முகத்தில் அடிக்கும்போது எட்டாவது கிலோமீட்டரும் முதல் கிலோமீட்டர் போலத்தான் இருக்கும். அவன் பெரும்பாலும் செருப்பில்லாமல் ஓடுவான். ஷூ வாங்கியதே இந்தப் போட்டிக்காகத்தான். "அங்க சரளையா இருக்குமாம்டா, கால் கிழிஞ்சா திங்கக்கிழமை வயல்ல இறங்க முடியாது" என்றான்.

இட்லி சாப்பிட்டபின் வயலுக்கு அழைத்துப் போனான். சம்பா அறுவடை முடிந்திருந்தது. இந்தப் பக்கத்தில் நெல் அறுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே, நிற்கும் பயிருக்குள் ஈரத்தில் உளுந்தை விதைத்துவிடுவார்கள். தாளை அறுத்து எடுத்ததும் அதனடியில் உளுந்து முளைத்து நிற்கும். உழவு கிடையாது, தண்ணீர் கிடையாது, பனியிலேயே விளைந்துவிடும். களிகலந்த வண்டல் தன்னிடம் தேக்கிவைத்த ஈரம்தான் அந்தப் பயிருக்கு எல்லாம். அவன் குனிந்து ஒரு செடியைப் பிடுங்கி வேரில் இருந்த முடிச்சுகளைக் காட்டினான். ஓட்டத்தைப் பற்றிப் பேசுவதைவிட இதைப் பற்றிப் பேசும்போதுதான் அவன் குரலில் வேகம் வரும்.

அவன் வயல் வாய்க்கால் வெட்டிய இடத்திலிருந்து தள்ளி இருக்கிறது. ஆனால் வளையமாதேவி என்றதும் தமிழ்நாட்டில் பலருக்கு நினைவுக்கு வருவது அந்த வாய்க்கால்தான். 2023 ஜூலை 26 அன்று நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனமான என்எல்சியின் இரண்டாம் சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய் வேலை இங்கே தொடங்கியது. போலீஸ் பாதுகாப்போடு வந்த பொக்லைன் எந்திரங்கள் பச்சை நெற்பயிருக்குள் இறங்கின. நிலத்தைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்திவிட்டோம், பயிர் வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னோம், மழைக்கு முன் வேலை முடியாவிட்டால் வெள்ளம் சூழும் என்பது நிறுவனத்தின் தரப்பு. கொடுத்த இழப்பீடு போதவில்லை, வாரிசுக்கு வேலை கிடைக்கவில்லை என்பது உழவர்களின் தரப்பு. இரண்டு நாள் கழித்து நெய்வேலியில் நடந்த போராட்டம் கல்வீச்சிலும் தடியடியிலும் போய் முடிந்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பயிர்ச் சேதத்துக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம்.

யாருடைய பத்திரம் செல்லும் என்பதைச் சட்டம் தீர்க்கட்டும். கதிர் வந்த பயிரை அறுக்கும்வரை பொறுத்திருக்கலாம் என்பதில் எனக்கு அன்றும் சந்தேகமில்லை, இன்றும் இல்லை.

இதைச் சொல்கிற நான் நெய்வேலி டவுன்ஷிப்பில் வளர்ந்தவன். அப்பா மைன்ஸில் ஷிப்ட் வேலை பார்த்தார். வேப்பமரங்கள் நின்ற அகலமான தெரு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, ஓடிப் பழகிய பாரதி ஸ்டேடியம், எல்லாமே பழுப்பு நிலக்கரி கொடுத்தவை. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது என்ற கதையைக் கேட்காமல் அங்கே எந்தப் பிள்ளையும் வளர்வதில்லை. 1956இல் நிறுவனம், அடுத்த ஆண்டு நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தது, 60களில் மின்சாரம் என்று பள்ளி விழாவில் ஒப்பித்திருக்கிறேன். அந்தக் கடனை நான் மறுக்க முடியாது. வளையமாதேவிக்கு வரும்போதெல்லாம் அந்தக் கடனும் பின்சீட்டில் என்னோடு உட்கார்ந்து வருகிறது. நண்பன் ஒருநாளும் அதைச் சுட்டிக்காட்டியதில்லை.

பகல் பதினோரு மணிக்குக் கிளம்பினோம். சேத்தியாத்தோப்பைத் தாண்டி வடக்கே போகும் சாலை கொஞ்சம் கொஞ்சமாக மேடேறுகிறது. பஸ்ஸில் எத்தனையோ முறை வந்திருந்தும் எனக்கு அது தெரிந்ததில்லை. வடலூரை நெருங்கும்போது நண்பன் வேகத்தைக் குறைத்து, "இங்கேருந்து மண்ணு மாறுது பாரு" என்றான். சாலையோரம் கறுப்பு போய்ச் சிவப்பு வந்திருந்தது. வயல் முடிந்து முந்திரி தொடங்கியிருந்தது.

நிலவியலாளர்கள் இதைக் கடலூர் மணற்பாறை என்கிறார்கள். பெயர்தான் பாறை. வெயிலில் காய்ந்தால் இறுகும், மழையில் கரைந்தால் சிவப்பாக ஓடும். நெய்வேலி மேட்டில் நிலக்கரிக்கு மேலே மூடியிருப்பது இதுதான். கடலூரை ஒட்டிய கேப்பர் மலை, புதுச்சேரிக்கு வடக்கே ஆரோவில் அமர்ந்திருக்கும் மேடு, மரங்கள் கல்லாகிக் கிடக்கும் திருவக்கரை எல்லாம் இதே அடுக்குதான். அப்பா வேலை பார்த்த இடத்தில் இதற்கு ‘மேல்மண்’ என்று பெயர். ஒரு டன் நிலக்கரியைத் தொட ஐந்தாறு கன மீட்டர் மேல்மண்ணை அகற்ற வேண்டும். பக்கெட் வீல் எந்திரம் ராட்சசச் சக்கரத்தைச் சுழற்றி அதை வழிக்கும், கன்வேயர் பெல்ட் இரவும் பகலும் சுமந்துபோய் வேறிடத்தில் கொட்டும். நிலக்கரிக்கு அடியில் இருக்கும் ஊற்றுநீர் மேல்நோக்கி அழுத்திக்கொண்டே இருப்பதால் சுற்றிலும் பம்புகளும் ஓயாமல் இறைக்கும். பம்பு நின்றால் சுரங்கத்தின் தரை பிளந்துவிடும் என்று அப்பா சொல்வார். சின்ன வயதில் அந்தச் சொல் என்னைத் தூங்கவிட்டதில்லை.

வடலூரில் தருமசாலையில் சாப்பிட்டோம். ஓட்டத்துக்கு முந்தைய நாள் வயிறு நிறையச் சோறு வேண்டும் என்பது ஒரு காரணம். அதைவிட, வடலூர் வழியே பசியோடு போகக்கூடாது என்று நண்பன் வீட்டில் ஒரு வழக்கம். 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு அணையாமல் எரிந்துவருகிறது. எங்களுக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் சோற்றை உருட்டாமல், ஒவ்வொரு பருக்கையாகப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டார். நாங்கள் எழுந்த பிறகும் அவர் முடிக்கவில்லை.

அப்புறம் குறிஞ்சிப்பாடி, கடலூர், கெடிலம், பெண்ணையாறு, புதுச்சேரி என்று நாலு மணிக்குள் போய்விட்டோம். வழியில் பாகூர்ப் பக்கம் கை காட்டி, "அங்கேயும் கீழ நிலக்கரி இருக்காம்" என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. பாகூரில் அப்போது வயல் பச்சையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இருட்டு விலகும் முன் தொடக்கக் கோட்டில் நின்றோம். இந்த ஓட்டம் 2008இல் தொடங்கியது. பரிசு கிடையாது. ஓடுவதே போதும் என்று நினைப்பவர்கள் வருகிற இடம். அதனாலோ என்னவோ, யாரும் யாரையும் இடிக்கவில்லை. பெங்களூரிலிருந்து வந்தவர்கள், சென்னை ஓட்டக் குழுக்கள், பக்கத்து ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் என்று எல்லோரும் கலந்து காட்டுப்பாதைக்குள் நுழைந்தோம். தார் முடிந்து மண் வந்ததும் சத்தம் மாறியது. ஆயிரம் பாதங்களின் சத்தம், தூரத்தில் நெல் தூற்றுவது மாதிரி.

முதல் ஐந்து கிலோமீட்டர் நான் மண்ணைப் பார்க்கவே இல்லை, மூச்சைத்தான் கவனித்தேன். வெளிச்சம் வந்தபோது பாதை ரத்தச் சிவப்பில் முன்னே கிடந்தது. இருபுறமும் கத்திச்சவுக்கு, முந்திரி, அதற்குள்ளே பெயர் தெரியாத கரும்பச்சை மரங்கள். 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கியபோது இங்கே இது எதுவுமில்லை. மரமெல்லாம் போய், மழையில் மேல்மண் அரித்து, மொட்டையாகக் கிடந்த மேடு. ஒவ்வொரு மழைக்கும் சிவப்புத் தண்ணீர் கடல்வரை ஓடியது. வந்து குடியேறியவர்களும் குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி, ஆலங்குப்பத்து ஆட்களும் சேர்ந்து முதலில் செய்தது வரப்புப் போட்டதுதான். ஓடும் தண்ணீரை நிற்க வைத்தார்கள். நின்ற ஈரத்தில் மரம் வைத்தார்கள். லட்சக்கணக்கான கன்றுகள். தொடக்க விழாவில் 124 நாடுகளிலிருந்து ஆளுக்கு ஒரு பிடி மண் கொண்டுவந்து ஒரு தாழியில் போட்டார்கள் என்று படித்திருக்கிறேன். எனக்கு அந்தத் தாழியைவிட இந்த வரப்புகள் பெரிதாகப் பட்டன.

பதினான்காவது கிலோமீட்டரில் என் வலது கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. நண்பன் என்னை விட்டுப் போகவில்லை. பாதை ஒரு ஓடையை ஒட்டித் திரும்பியது. மழை அறுத்த செங்குத்தான கரை. மேலே சிவப்பு, நடுவில் மஞ்சள், அடியில் வெள்ளைக் கீற்று. நான் அங்கேயே நின்றுவிட்டேன். வலியால் மட்டும் இல்லை. பள்ளியில் மைன்ஸ் வியூ பாயின்டுக்கு அழைத்துப் போனபோது பார்த்த அதே சுவர். அங்கே அது அடிவானம்வரை படிப்படியாக இறங்கும். இங்கே என் உயரத்துக்கு இருந்தது.

"நம்ம மண்ணுதான்டா" என்றான் அவன், கரையைத் தொட்டுப் பார்த்து.

என்எல்சி நிறுவனமும் கொட்டிய மண்ணில் மரம் வைக்கிறது. நான் பார்த்திருக்கிறேன், அவை நன்றாகவே வளர்ந்திருக்கின்றன. சிவப்பு மண் தாங்கிக்கொள்கிறது. அதன்மேல் மறுபடி ஒரு காடு ஐம்பது வருடத்தில் எழும் என்பதற்கு நான் ஓடிக்கொண்டிருந்த பாதையே கண்முன் இருந்தது. வளையமாதேவியின் வண்டல் அப்படிப்பட்டதில்லை. அதை எந்திரம் கொண்டுவந்து கொட்டவில்லை. வெள்ளாறும் பரவனாறும் வெள்ளத்துக்கு வெள்ளம் ஒரு விரல்கடை அளவுகூட இல்லாமல் படியவைத்து உண்டாக்கியது. உழவே இல்லாமல் உளுந்தை விளைவிக்கும் மண்ணைத் தோண்டி எடுத்துவிட்டு எந்தத் திட்டத்தால் திரும்ப வைக்க முடியும்? இந்தக் கேள்வியை நான் பல வருடங்கள் செய்தித்தாளில் படித்துக் கடந்திருக்கிறேன். அன்று அது காலில் ஏறியது.

கடைசி ஏழு கிலோமீட்டரை நடையும் ஓட்டமுமாக முடித்தோம். வழியில் பிள்ளைகள் வாழைப்பழமும் கடலைமிட்டாயும் நீட்டினார்கள். முடிவுக் கோட்டை இரண்டு மணி நாற்பது நிமிடத்தில் தாண்டினோம். அவன் தனியாக ஓடியிருந்தால் இரண்டு மணிக்குள் முடித்திருப்பான். அதைச் சொன்னபோது, "தனியா ஓட எனக்கு வீராணம் இருக்கு" என்றான்.

சாயங்காலம் நாலரைக்கு வளையமாதேவிக்குத் திரும்பினோம். நண்பனின் அம்மா திண்ணையில் உட்கார்ந்து முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னா தம்பி, எத்தனையாவதா வந்தீங்க?"

"அங்க அதெல்லாம் கிடையாதும்மா. எல்லாரும் வந்தோம்."

அவர் தலையாட்டினார். நண்பன் ஷூவைக் கழற்றி வாசலில் தட்டினான். அடியில் அப்பியிருந்த மண் கட்டியாக உதிர்ந்தது. அம்மா முறத்தை ஓரமாக வைத்துவிட்டு ஒரு கட்டியை எடுத்து விரலால் நசுக்கினார். அவர் பிறந்தது காடாம்புலியூர்ப் பக்கம். கல்யாணமாகி வந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது.

"ஏம்பா, கடற்கரைப் பக்கந்தானே போனீங்க? இது எங்க வீட்டு முந்திரிக்கொல்லை மண்ணுல்ல" என்றவர், அதைக் கீழே போடாமல் உள்ளங்கையில் வைத்துக்கொண்டே, "அங்க பூ வச்சிருச்சா?" என்று கேட்டார்.