கிளீனர் சீட்டிலேயே ஏன் நிற்கிறார்கள்?

திண்டிவனம் – விழுப்புரம் சாலையோரச் சேரிகளில் கள வேலை செய்யும் நாங்கள் அதிகம் சந்திப்பது லாரி கிளீனர்களைத்தான். டயர் மாற்றுவது, தார்ப்பாய் கட்டுவது, இரவில் ரிவர்ஸ் பார்ப்பது எல்லாம் தெரிந்த தம்பிகள். சிலர் ஓட்டவும் பழகியிருக்கிறார்கள். உரிமம்தான் இல்லை. விபத்து என்றால் முதலில் மாட்டுவது அவர்கள்தான்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன்படி கனரக உரிமத்துக்கு ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் சான்றிதழ் கட்டாயம். எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2019 வரை இருந்தது. அது யாருடைய பிள்ளைகளை வெளியே நிறுத்தியது என்று நமக்குத் தெரியாதா?

இப்போது தடையாக நிற்பது 30 நாள் பயிற்சி. விதிப்படி அதில் குறைந்தது 15 மணி நேரம் ஓட்டினால் போதும். ஆனால் தினக்கூலி வீட்டில் 30 நாள் வருமானம் நின்றால் அடுப்பு எரியாது. கட்டணத்தைவிட இதுதான் பெரிய சுமை என்கிறோம். எனவே தோழர்களே, தாட்கோவுக்கு மனு எழுதினால் கட்டணத்தோடு நிறுத்தாதீர்கள், கூலி இழப்பையும் சேர்த்துக் கேளுங்கள்.

இன்னொன்று. கனரக உரிமத்துக்கு 20 வயது ஆகவேண்டும். இலகுரக உரிமம் கையில் ஓராண்டாவது இருக்கவேண்டும். இலகுரக உரிமத்தை 18 வயதிலேயே எடுத்துவிடலாம். கிளீனராக ஏறும் தம்பியிடம் இதை அன்றைக்கே சொல்லுங்கள்.