நெல்லுக்கு ஒரு வீடு

கல்முனைக்கு முதன்முறை வருவோருக்கு அது உழவர் வாழும் ஊராகவே தோன்றாது. கிழக்கே கடல், மணல்மேட்டிலே நெருங்கி நிற்கும் வீடுகள், நடுவே நீண்டோடும் பெருந்தெரு. சாய்ந்தமருதும் நிந்தவூரும் அவ்வாறே. ஆயினும் காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பி, சம்மாந்துறை வழியாக அம்பாறை செல்லும் வீதியைப் பிடித்தோமாயின், சிறிது நேரத்திலேயே காட்சி மாறிவிடுகிறது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை நெல்வயலே.

இப்பகுதி உழவர் பலர் கடலோரத்தில் குடியிருந்து, சில கட்டை தூரத்துக்கு அப்பால் பயிர் செய்பவர்கள். வீடும் வயலும் பிரிந்திருப்பதனால் இங்கு உழவுக் கட்டடங்களும் இரண்டாகப் பிரிந்தன: வயலில் ஒரு போகத்துக்கு மட்டும் நிற்பவை, வீட்டு வளவில் ஆண்டுக்கணக்காக நிற்பவை.

வயலிலே முதலாவது வாடி. காட்டுக்கம்புகளை நட்டு, கிடுகாலோ வைக்கோலாலோ வேய்ந்த குடில் அது. போடியாரின் வயலைப் பொறுப்பேற்ற முல்லைக்காரனும் வேலையாட்களும் அதிலேயே தங்குவர். அருகே யானைக்கும் பன்றிக்கும் காவலிருக்க உயர்ந்த பரண். அறுவடை முடிந்ததும் கதிர்கள் சூடாகக் குவிக்கப்படும். கதிர்முனை உள்ளேயும் தாள் வெளியேயும் இருக்குமாறு அடுக்கிக் கூம்பாக முடித்த சூடு, தன் கூரையைத் தானே சுமந்து நிற்கும் கட்டடம் எனலாம். அதன் பக்கத்தில், புல் செதுக்கிச் சமப்படுத்திச் சாணத்தால் மெழுகிய களவெட்டி. அங்கே எருமைகள் சூடு மிதிக்கும். வீசும் காற்றிலே பதர் பிரியும்.

களவெட்டிக்குக் கூரை ஏன் இல்லை? இங்கிலாந்தை நோக்கினால் விடை தெளிவாகும். ஈரம் மிகுந்த அந்நாட்டிலே கதிர்க்கட்டுகளைக் களஞ்சியத்துள் அடுக்கி, குளிர்காலத்தில் உள்ளேயே அடித்தனர். நேரெதிரே அமைந்த இரு பெருங்கதவுகளைத் திறந்தால் காற்று ஊடறுத்துப் பாயும், அதிலே தூற்றினர். கிரேட் கொக்ஸ்வெல் என்னும் சிற்றூரில் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் துறவியர் எழுப்பிய, சுமார் 150 அடி நீளமுள்ள களஞ்சியம் இன்றும் நிற்கிறது. நமக்கோ மாரி ஓய்ந்த பின்னரே பெரும்போக அறுவடை. வெயிலும் காற்றும் வெளியிலேயே கிடைக்கையில் சுவர் எதற்கு?

வீட்டு வளவுக்கு வந்த நெல்லுக்கு மட்டும் சுவர் வேண்டியிருந்தது. அதுவே பட்டறை. கம்புகளை வரிந்து, களிமண்ணும் சாணமும் பூசி, நிலத்தில் படாதவாறு உயர்த்திக் கட்டிய நெற்கூடு. அடியில் காற்றோடும், ஈரமும் கறையானும் எட்டா. சிங்களக் கிராமங்களின் 'பிஸ்ஸ'வும் கல்மேல் நிற்பதே. ஆங்கிலேயரோ தானிய அறைகளைக் காளான் வடிவக் கற்களின்மேல் நிறுத்தினர். கல்லின் தண்டில் ஏறும் எலி அதன் குடைவிளிம்பைத் தாண்டமாட்டாது. எலியின் தொல்லை எந்நாட்டிலும் ஒன்றே; அதற்கு உழவர் கண்ட விடையும் ஏறக்குறைய ஒன்றே!

1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியதன் பயனாக வாய்க்கால் நீர் வயல்களுக்கு வந்தது. பின்னர் எருமையின் இடத்தை உழவு இயந்திரம் பிடித்தது. இன்று அறுவடை இயந்திரம் வயலிலேயே அறுத்து, அடித்து, தூற்றிவிடுகிறது. நெல் மூடைகளில் நேரே ஆலைக்குச் செல்கிறது. உழவரின் முதுகு நிமிர்ந்தது. அதற்காக மகிழவே வேண்டும். ஆனால் சூடில்லாத இடத்தில் களவெட்டி இல்லை. வீட்டுக்கு நெல் வராவிடின் பட்டறையும் இல்லை. எஞ்சியிருந்த பழம்பொருள்கள் பலவற்றை 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் கொண்டு சென்றது.

இங்கிலாந்தில் சசெக்ஸ் மாவட்டத்துச் சிங்கிள்டனில், இடிக்கப்படவிருந்த பழைய பண்ணைக் கட்டடங்களைப் பிரித்துக் கொணர்ந்து மீண்டும் நிறுத்திய திறந்தவெளிக் காட்சியகம் 1970களின் தொடக்கத்திலிருந்து இயங்குகிறது. மரமும் கல்லும் அதற்கு இடந்தரும். மண்ணும் வைக்கோலும் தரா. நம்மால் காக்கக்கூடியவை அளவும் பெயரும் செய்முறையுமே. சூடு மிதித்த முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். பட்டறைக்கு எம்மரத்துக் கம்பு வெட்டினார்கள், எத்தனை முழ உயரம், வாய் எத்திசையில் என்று மாணவர்கள் கேட்டு, ஒரு கொப்பியில் படத்தோடு எழுதி வைப்பார்களாயின், நெல்லுக்கிருந்த வீட்டின் அமைப்பாவது பிழைத்திருக்கும்.