பாதி வழியில் நிற்கும் மனுக்கள்

வீட்டுக்கடன் நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் எழுதியபோதுதான் பிராசஸ் எஞ்சினோடு எனக்கு நெருக்கம் ஏற்பட்டது. 2013-இல் ஆக்டிவிட்டி என்ற எஞ்சினிலிருந்து பிரிந்து வளர்ந்த கமுண்டாவை எடுத்துக்கொண்டோம். ஆவணச் சரிபார்ப்பு, வக்கீல் கருத்து, மதிப்பீடு, ஒப்புதல் என்று வேலை நகரும் வழியை பிபிஎம்என் முறையில் படமாக வரைந்துவிட்டால், எஞ்சின் அந்தப் படத்தையே இயக்கும். ஒரு பத்திரத்துக்காக மனு வாரக்கணக்கில் நின்றாலும் கவலையில்லை. எந்தப் படியில் நிற்கிறது என்பது டேட்டாபேஸில் பதிந்திருக்கும். சர்வரை நிறுத்தி மறுபடி ஓட்டினாலும் அதே படியிலிருந்து தொடரும். இவ்வளவு பொறுமையாகக் காத்திருக்கத் தெரிந்த மென்பொருளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பிறகு விதி மாறியது. 13 ஆண்டு வில்லங்கச் சான்று போதாது, 30 ஆண்டுக்கு வேண்டும் என்றார்கள். படத்தில் ஒரு கட்டம் கூடியது. புதுப் படத்தை ஏற்றினால் அது அடுத்த பதிப்பு. புது மனுக்கள் அதில் தொடங்கும். ஓடிக்கொண்டிருப்பவை தாம் தொடங்கிய பதிப்பிலேயே முடியும். அவற்றையும் புதியதற்கு மாற்றும் வசதி 2016-இல் வந்த கமுண்டா 7.5-இலேயே உண்டு. இரண்டில் எதைச் செய்யவும் எங்களால் முடியும்.

கடன் பிரிவில் மூத்தவரான ஒரு அம்மா கேட்டார்: “தம்பி, வக்கீல் கருத்து வாங்கிட்டுப் பணத்துக்கு நிக்கிறவங்களை என்ன பண்ணப் போறீங்க? கிரய ஒப்பந்தக் கெடு தாண்டிட்டா அவங்க கொடுத்த அட்வான்ஸ் போயிடுமே?”

என்னிடம் பதில் இல்லை. பழைய படிக்கு எதிரே புதிய படியைப் பொருத்துவதுதான் எனக்குத் தெரிந்த மாற்றம். அந்தப் படியில் நிற்பவருக்கு வீட்டை விற்பவர் வைத்த கெடு எங்கள் படத்தில் எங்கும் இல்லை.

நிலுவைப் பட்டியலை அவரே கையிலெடுத்தார். கெடு நெருங்கியவர்கள் பழைய வழியிலேயே முடியட்டும் என்று மேலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கினார். வக்கீலிடம் இன்னும் போகாத மனுக்கள் புதிய வழிக்கு வந்தன. நடுவில் மாட்டியவர்களுக்குச் சான்றை நிறுவனமே எடுத்துக் கொடுத்தது. எந்தக் கருவியும் செய்யாத பிரிப்பு அது. யார் எதை இழப்பார் என்று தெரிந்தவர்தான் செய்ய முடியும்.

இன்று எந்த வேலையை எடுத்தாலும், படத்தைத் திருத்துமுன் நிலுவைப் பட்டியலை வாங்கி, அந்த மனுக்களைக் கையாளுபவர் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். அந்த நிறுவனத்தின் அடுத்த பதிப்பில், விண்ணப்பப் படிவத்தில் கிரயக் கெடுவுக்கு ஓர் இடம் வைத்தோம். அந்த நாள் நெருங்கும்போது மேலாளருக்குத் தகவல் போகும்படி டைமரும் சேர்த்தோம்.