பேரனுக்கு ஒரு பங்கு

ஆம்பூரில் தோல் பதனிடும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், அஸருக்குப் பின் நம்மிடம் வந்தமர்ந்தார். இரு மகன்கள், ஒரு மகள் உள்ளனர்; மூத்த மகன் மவுத்தாகிவிட்டார். வேறு வாரிசு இல்லை. “ஹஜ்ரத், யதீமான என் பேரனுக்கும் மகனளவு கிடைக்க வேண்டும்” என்றார்.

மகன்கள் இருக்கையில் பேரன் வாரிசாகான். ஆயினும் மூன்றிலொன்றை மிகாமல் அவனுக்கு வஸிய்யத் செய்யலாம். மிகுமோ என்பதே அவரது அச்சம்.

சொத்து 21 லட்சம், கடன் இல்லை. மகன் பங்கும் தெரியாது, மகள் பங்கும் தெரியாது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளின் பிரதியிடல் முறையையே கையாண்டோம். மகன் பங்கு, மகள் பங்கைப் போல் இருமடங்கு. எனவே மகன்கள் இருவர், பேரன் ஆகிய மூவரிடத்தும் ‘இரு மகள் பங்கு’ என வைத்தோம், ஆறு. மகளோடு ஏழு. மகளுக்கு 3 லட்சம், மற்றவர்க்கு ஆறாறு லட்சம். வரம்போ 7 லட்சம்!

கி.பி. 820 வாக்கில் அல்குவாரிஸ்மி எழுதிய அல்ஜப்ர் நூலின் பெரும்பகுதி இத்தகைய கணக்குகளே. மாணவர்க்குப் பலமுறை சொல்லியிருக்கிறோம். ஒருவர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு விடையைக் கேட்டது அன்றுதான்.

சொத்தின் விலை மாறக்கூடும். ஆகவே தொகையை விடுத்து, ‘ஏழில் இரண்டு’ என்றே சாட்சிகள் முன் எழுதச் சொன்னோம்.