சந்தன்நகர் தந்த நிழல்

கொல்கத்தாவில் வாழும் நம் தமிழ்க் குடும்பத்தார் ஒரு விடுமுறை நாளில் சென்று மீளத்தக்க ஊர் சந்தன்நகர். ஹௌரா நிலையத்தில் உள்ளூர் வண்டி ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் சென்று சேரலாம். ஹூக்ளி நதியை ஒட்டிய நீண்ட கரைப்பாதையும், தூப்ளே மாளிகையில் அமைந்த அருங்காட்சியகமும் காண இனியவை. 1731 முதல் பத்தாண்டு காலம் இவ்வூரை நிர்வகித்த தூப்ளே வேறு யாருமல்லர். பின்னர்ப் புதுச்சேரியின் கவர்னராகி, ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு வாயிலாக நமக்கு அறிமுகமானவரே.

எனினும், அங்கே நம் சிந்தையைக் கவர்ந்தது வேறொன்று. நாற்புறமும் ஆங்கிலேயர் ஆட்சி சூழ்ந்திருக்க, இச்சிற்றூர் மட்டும் பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்தது. ஆங்கிலேயரின் ஆயுதச் சட்டம் இங்கே செல்லாது. அவர்களுடைய போலீசார் நினைத்தபோது நுழையவும் இயலாது. ஆகவே வங்கப் புரட்சி வீரர்களுக்கு இவ்வூர் புகலிடமாயிற்று. 1908 இல் தூக்குமேடை ஏறிய கனைலால் தத்தர் இங்குப் பிறந்தவர். ராஷ் பிஹாரி போஸ் இளமையில் இங்கே வளர்ந்தவர். 1910 பிப்ரவரியில் அரவிந்தர் இங்கு மறைந்திருந்து, ஏப்ரலில் கப்பல் வழியே புதுச்சேரி அடைந்தார். அங்கே அதே பிரெஞ்சு நிழலில் நம் பாரதியார் 1908 முதலே தங்கி, ‘இந்தியா’ பத்திரிகையை நடத்தி வந்தார்.

அப்படியாயின், நம் விடுதலையைப் பிரான்சு தேசம் அளித்த கொடை என்று கூறலாமா? சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்னும் பிரெஞ்சுக் குடியரசின் முழக்கம், 1937 இல் எழுப்பப்பட்ட இவ்வூர் நுழைவாயிலில் பொறிக்கப்பட்டிருப்பது உண்மையே. ஆனால் அக்கொள்கையைப் பேசியவர்களும் இங்கே அன்னிய ஆட்சியாளரே. 1908 இல் சுதேசிக் கூட்டத்தைத் தடுத்தவர் இவ்வூரின் பிரெஞ்சு மேயர். அவ்வாண்டு ஏப்ரலில் அவர் மீது குண்டு வீசப்பட்டது. 1930 செப்டம்பரில் கல்கத்தா போலீஸ் கமிஷனர் டெகார்ட்டின் படை இரவில் இவ்வூருக்குள் புகுந்து, சிட்டகாங் வீரர்கள் ஒளிந்திருந்த வீட்டை வளைத்தது. ஜீவன் கோஷால் அங்கே உயிர் நீத்தார். அன்றிரவு பிரெஞ்சு எல்லை அவர்களைக் காக்கவில்லை.

இரு வல்லரசுகளுக்கு இடையே இருந்த எல்லைக் கோட்டை நம் வீரர்கள் பயன்படுத்திக்கொண்டனர் என்பதே பொருந்தும். பிறர் தந்த நிழலில் அவர்கள் இளைப்பாறினர். நடந்த கால்களோ அவர்களுடையவை. நிழல் தந்தவரே ஆள்வோராகவும் இருந்தமையால், 1949 ஜூன் 19 அன்று நடந்த வாக்கெடுப்பில் ஊரார் மிகப் பெரும்பான்மையாக இந்தியாவுடன் இணையவே விரும்பினர். 1950 மே 2 அன்று நிர்வாகம் நம் அரசின் கைக்கு வந்தது. 1954 இல் சந்தன்நகர் மேற்கு வங்கத்துடன் இணைந்தது. புதுச்சேரியின் நிர்வாகம் கைமாறியதும் அதே ஆண்டில்தான்.

நம் பிள்ளைகளுக்குப் பாரதியாரின் புதுவை வாழ்க்கை தெரியும். அதே கொடியின் கீழ் வங்கத்திலும் ஓர் ஊர் வீரர்களைக் காத்தது என்பதை, அந்த நதிக்கரையில் நின்று அவர்களுக்கு எடுத்துரைப்பது பெற்றோராகிய நம் கடமையாகும்.